தூணுக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு

செத்த நகந்துக்கறீங்களா? ஆ, போதுமுங்க, போதும். பைய மடியில வெச்சுக்கறேன். இந்த பஸ்ஸு இப்பத்திக்கு எடுக்க மாட்டாங்க. டிரைவரு டீ குடிக்கப் போனாருன்னா டீக்கடைக்காரரு வீட்டு நல்லது கெட்டது பூரா விசாரிச்சுட்டுத்தான் வருவாரு.

தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க போனு கண்ணுல பட்டுருச்சு. எட்டியெல்லாம் பாக்கலீங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன், நீங்கதான் வெளிச்சமா வெச்சிருந்தீங்க. வெண்ணிலா தியேட்டர்ல சீட்டு எடுக்கறீங்களாட்ட இருக்குது? புதுப்படத்துக்கா? எந்த வரிசை? அய்யய்யோ, அதை அமுத்தாதீங்க! அந்த வரிசையில ஏசி சொட்டுமுங்க. டொப்பு டொப்புன்னு நேரா உச்சந்தலையில. படம் முடியறக்குள்ள சளி புடிச்சுக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்க. நம்ம பேரு நாச்சிமுத்துங்க. மார்க்கெட் ரோட்டுல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை. தோட்டத்து மோட்டாரு எரிஞ்சு போச்சுன்னா எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க. தொறந்தே பாக்க வேண்டாமுங்க, ஓட உட்டுக் காதைக் குடுத்தாப் போதும், எங்க கோளாறுன்னு சொல்லிருவேன். அப்படி ஒரு காது. அந்தக் காதோட தியேட்டருக்குப் போனா என்னாகும்? எந்த ஸ்பீக்கரு உயிரோட இருக்குது, எது சும்மா மாட்டி வெச்சிருக்குது, எல்லாம் தெரிஞ்சு போயிரும். நம்மூர்ல யாரு புதுப்படத்துக்குப் போறதுன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போக மாட்டாங்க. கேக்காமப் போறவங்களுக்கு நானே போன் போட்டுச் சொல்லிருவேன்.

படம்னா ஹாலுக்கு நட்டநடு சீட்டுல உக்காந்து பாக்கோணுமுங்க. நாலு பக்கத்துச் சத்தமும் சமமா வர்ற எடம் அது ஒண்ணுதான். நடு சீட்டுன்னா ஒண்ணுதானே இருக்கும்? ரெண்டு இருந்தா அது நடுவே இல்லை. அதுல நான் உக்காந்துக்குவேன். எங்கூட்டுக்காரி ஜெயமணி, மிச்சம் எங்க எடம் கெடைக்குதோ அங்க உக்காந்துக்குவா. படம் முடிஞ்சு ஸ்கூட்டர் ஸ்டாண்டுல பாத்துக்குவோம். கல்யாணமான நாள்ல இருந்து அப்படித்தான். அதுல எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாதுங்க.

அப்பேர்ப்பட்ட எனக்கு இந்தத் தை மாசம் ஒரு அவமானம் ஆகிப்போச்சு. கேளுங்க, டிரைவரு வர்றதுக்குள்ள சொல்லிர்றேன்.

எங்கக்கா பொண்ணு தாரணி. எனக்கு ஒரே மருமவ. தை பொறந்ததும் மொத முகூர்த்தத்துல கல்யாணம். மாப்பிள்ளை கிருபாகரன், தங்கமான பையன், ஒரிசாவுல ஏதோ மில்லுல சூப்பர்வைசரு. சொற்ப லீவுலதான் வந்திருந்தாரு. அங்க போயி வீடு பாத்து முடிச்சுத்தான் புள்ளையக் கூட்டிக்குவாரு, அதுக்குக் கொஞ்ச மாசம் ஆகும். அதுனால ஒறம்பரை அத்தனை பேரும் அவசர அவசரமா விருந்து வெச்சாங்க. காலைல ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு. போற எடமெல்லாம் கோழிக்கறி. எங்க வீட்டுலயும் வெச்சமுங்க. புதுசா வந்திருக்கறவங்களைத் தனியா ஒரு ரூமுல உட்டா சங்கடப்படுவாங்கன்னு, ஹாலுல எல்லாருக்கும் ஒட்டுக்காப் பாய் போட்டேன். பொம்பளைங்க ஒரு பக்கம், ஆம்பளைங்க ஒரு பக்கம். மாப்பிள்ளை எனக்குப் பக்கத்துல. நெம்ப நேரம் தூங்காம முழிச்சுட்டே படுத்திருந்தாரு. புது எடமில்லீங்களா.

மாப்பிள்ளை வீட்டுலயும் குறை சொல்ல முடியாதுங்க, பெரிய குடும்பம், கலகலன்னு இருக்கும். இவங்களுக்குன்னு குடுத்த ரூமுலதான் வீட்டுக்கே ஒரே பீரோ. சீப்பு வேணும், துண்டு வேணும்னு யாராச்சும் ஒருத்தர் உள்ள வந்து போயிட்டே இருப்பாங்க. மொட்டை மாடிக்கு வடகம் காயப் போடப் போற வழியும் அந்த ரூமுதான். தனிமைங்கற பேச்சே இல்லை. புள்ளை குடுத்து வெச்சவ.

தாய்மாமன் விருந்துன்னா வெறும் கோழிக்கறியோட முடிஞ்சிருமுங்களா? சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பொங்கல் நோம்பிக்கு வந்த படம் ஓடிட்டிருந்துச்சு. யாரு படம்னு சொல்ல மாட்டேன். நீங்க எந்தக் கட்சியோ, எதுக்கு நமக்குள்ள சண்டை? தாரணி எங்கிட்டத் தனியா வந்து சொன்னா.

"மாமா, ரெண்டே ரெண்டு டிக்கெட்டு மட்டும் எடுத்துக் குடுங்க. நாங்களே போயிட்டு வந்துர்றோம். நீங்க அலைய வேண்டாம்."

அவ சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க. அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கவே மாட்டா. "எனக்கென்ன அம்மிணி அலைச்சல், உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்"னு சொன்னேன். அவளுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

அப்பறம் தியேட்டரு பாக்கக் கெளம்புனேன். நம்மூர்ல மூணு இருக்குதுங்க. கோமதி காம்ப்ளக்ஸ்ல அதே படந்தான். சத்தம் பரவால்ல. சீட்டு பின்னாடி சாயும். ஆனா சாஞ்சா நிமுராது, இன்டர்வெல்லுல ரெண்டு ஆளு வந்து தூக்கி உடோணும். எதிரொலி இருக்குதான்னு பாக்கறதுக்கு நான் கையைத் தட்டிப் பாத்தேன். திரையில கதாநாயகியோட அப்பா செத்துட்டிருந்தாருங்க அப்ப. முன்வரிசைக்காரங்க திரும்பி ஒரு மாதிரி பாத்தாங்க. பாத்தாப் பாக்கட்டும், எனக்கு எங்க புள்ளைதான் முக்கியம். எதிரொலி இருந்துச்சு. கோமதி வேண்டாம்னு முடிவு பண்ணுனேன்.

அடுத்தது வெண்ணிலா. அங்கயும் தட்டுனேன். இந்தத் தடவை அப்பா சாகறதுக்கு முன்னாடியே தட்டிட்டேன். கணீர்னு இருந்துச்சு. சொட்டற வரிசைய உட்டுட்டா வெண்ணிலாவை அடிச்சுக்க ஆளே இல்லீங்க. ராஜகாளி டாக்கீஸ்னு மூணாவது ஒண்ணு, வெண்ணிலாவுக்கு ரெண்டு தெரு தள்ளி. அதை நான் தியேட்டருன்னே சேத்திக்கறதில்லை. எல்லா ஊர்லயும் ஓடி முடிஞ்சு, டீவியிலயும் போட்டு முடிஞ்சப்பறம்தான் அங்க படம் வரும்.

வேன் புடிச்சேன். மாப்பிள்ளையோட அம்மா, அவங்க சின்னம்மா, எங்கக்கா, ரெண்டு வீட்டுக் கொழந்தை குட்டி, நானு, ஜெயமணி. பொண்ணு மாப்பிள்ளையும். ஒரு வரிசை பூரா நம்ம ஆளுக. வேனைப் பாத்ததும் மாப்பிள்ளைக்கு மொகம் சுண்டிப் போச்சு. "டீசல் வாசம் ஒத்துக்காதுங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். "அப்படித்தாங்க மாமா"ன்னாரு. எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்தேன்.

உக்கார வெக்கறதுலயும் நான் ரோசனை பண்ணித்தான் வெச்சேன். நட்டநடு சீட்டு எனக்கு. எனக்கு வலதுபக்கம் மாப்பிள்ளை, இடதுபக்கம் தாரணி. ரெண்டு பேத்துக்கும் நான் வெளக்கஞ் சொல்லோணுமில்லீங்களா? அந்தப் பக்கம் ஒருக்கா, இந்தப் பக்கம் ஒருக்கா. "இப்ப பாருங்க மாப்பிள்ளை, பின்னாடி ஸ்பீக்கர்ல குதிரை வரும்." "அம்மிணி, இப்ப அப்பா சாகப் போறாரு, கண்ணைத் தொடைச்சுக்கோ." இப்படி.

ஒண்ணு சொல்றேன், மாப்பிள்ளை மாதிரி மரியாதை தெரிஞ்ச பையன் இந்தக் காலத்துல கெடையாதுங்க. படம் ஓடிட்டிருக்கறப்ப மெதுவா கையை எனக்குப் பின்னால கொண்டு வந்தாரு. என்னடான்னு பாத்தா எம் பொடனி மேல கை பட்டுச்சு. அட, வயசானவராச்சே, கழுத்து வலிக்கும்னு அமுக்கி உடறாரு! சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு நெறையுது. செத்த நேரத்துல இந்தப் பக்கம் இருந்து தாரணி கையும் வந்துச்சு. ரெண்டு பேரும் எம் பொடனிக்குப் பின்னாடி போட்டி போட்டுட்டு அமுக்கறாங்க. வசதியா இருக்கட்டும்னு நான் நல்லா பின்னாடி சாஞ்சு குடுத்தேன். "ஆ"ன்னு மாப்பிள்ளை ஒரு சத்தம் போட்டாரு. வெரலு மாட்டிக்கிச்சாட்ட இருக்குது.

இன்டர்வெல் உட்டாங்க. தாரணி எந்திரிச்சு, "பாப்கார்ன் வாங்கிட்டு வர்றேன் மாமா"ன்னா. "அவ ஒருத்தியே தூக்க முடியாது, நானும் போறனுங்க மாமா"ன்னு மாப்பிள்ளை. நானும் எந்திரிச்சேன். ஜெயமணி அந்தக் கடைசியில இருந்து வந்து என் சட்டையப் புடிச்சு உக்கார வெச்சுட்டா. "உங்க சீட்டுல வேற யாராச்சும் உக்காந்துக்குவாங்க, இருங்க"ன்னா. அதுவும் நியாயந்தானுங்க. உக்காந்துட்டேன்.

மறுபடி படம் போட்டாங்க. வரலை. ஒரு பாட்டு முடிஞ்சுது. வரலை. பாப்கார்ன் சோளத்தை வெதைச்சு அறுத்துட்டு வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கோணும். போயி கேன்டீன்ல பாத்தேன், இல்லை. பாத்ரூம்ல மாப்பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தேன். வேற ஒரு கிருபாகரன் "யாருங்க?"ன்னு உள்ள இருந்து கேட்டாரு. போன் போட்டா ரெண்டு பேருதும் சுவிட்ச் ஆப்.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நேரா மேனேஜரு ரூமுக்குப் போயி, "பொண்ணு மாப்பிள்ளையக் காணோம், படத்தை நிறுத்துங்க"ன்னேன். அவரு என்னமோ கொள்ளை போயிருச்சுன்னு நெனச்சுப் பதறி நிறுத்திட்டாரு. லைட்டு போட்டாங்க. ஹீரோ சண்டையில ஒத்தைக் காலைத் தூக்குனவரு தூக்குனாப்பலயே நின்னுட்டாரு. மைக்கு கேட்டேன், இல்லைன்னாங்க. எனக்கெதுக்குங்க மைக்கு? நானே கை தட்டிப் பாத்த ஹாலு அது. திரைக்கு முன்னாடி போயி நின்னு குரல் குடுத்தேன்.

"மாப்பிள்ளை கிருபாகரன்! தாரணி அம்மிணி! எங்கிருந்தாலும் மாமாகிட்ட வாங்க!"

பின்னாடி வரிசையில இருந்து எவனோ ஒருத்தன் எந்திரிச்சு, "மாப்பிள்ளை, உட்டுராதீங்க! திரும்பி வராதீங்க!"ன்னு கத்தறான். ஹாலே விசிலு. என்ன ஜனங்களோ. மாப்பிள்ளையோட சின்னம்மா ஒப்பாரி வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. "எங்க பையனைக் கூட்டிட்டுப் பொண்ணு ஓடிப் போயிருச்சே!" எங்கக்காவுக்குக் கோவம் வந்துருச்சு. "கட்டுன புருசனோட ஓடிப்போனா அதுக்குப் பேரு என்னங்க சம்மந்தி?" அந்தம்மா அப்பவும் அழுகைய நிறுத்தலை. ஜெயமணி மட்டும் சேலைத் தலைப்பை வாயில வெச்சுட்டு உக்காந்திருக்கறா. நல்லாப் பாத்தா சிரிக்கறாளுங்க! "உட்டுப்போட்டு வந்து உக்காருங்க மாமா"ங்கறா எங்கிட்ட. சூழ்நிலை தெரியாத மனுசி.

வெளிய வந்து வேன்காரரைக் கேட்டா, "அவங்களா? கையைக் கோத்துட்டு ராஜகாளிப் பக்கமா ஓடுனாங்களே"ங்கறாரு.

ராஜகாளியா! வெண்ணிலாவுல, நான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்த சீட்டை உட்டுப்போட்டு, ராஜகாளிக்கு?

ஓடுனேன். டிக்கெட் குடுக்கறவரு என்னைப் பாத்து நம்ப முடியாம, "நாச்சிமுத்தண்ணனா? இங்கயா?"ன்னாரு. உள்ள போனா கண்ணு தெரியலை. ஃபேன் ஓடலை. திரையில நடுவுல ஒட்டுப் போட்டிருக்குது, யாரு பேசுனாலும் மூக்குல பிளாஸ்திரி போட்டாப்பல தெரியுது. ஏதோ அரதப்பழசுக் குடும்பப் படம். சத்தம்னு ஒண்ணு இல்லவே இல்லை, பக்கத்து வீட்டு ரேடியோ கேக்கறாப்பல தூரத்துல என்னமோ கேக்குது. ஹாலுல ஆளே இல்லை. ஒருத்தரு சீட்டுல படுத்துத் தூங்கறாரு, ரெண்டு புறா உக்காந்திருக்குது. போனைத் தூக்கி லைட்டு அடிச்சுட்டே போனேன். ஓரமா ஒரு பெரிய தூணு. அந்தத் தூணுக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு. அதுல எங்க புள்ளையும் மாப்பிள்ளையும்.

எனக்கு மனசு ஒடஞ்சு போச்சுங்க. ஓடிப்போனதுக்கில்லை. அந்தச் சீட்டுல உக்காந்தா திரையே தெரியாதுங்க! முழுசாத் தூணு மறைச்சுக்கும்.

"மாப்பிள்ளை, என்னங்க இது, இங்கிருந்து ஒண்ணுமே தெரியாதே! முன்னாடி அத்தனை எடம் கெடக்குது, வாங்க."

"இருக்கட்டுங்க மாமா. எங்களுக்குத் தெரியுது."

"என்ன தெரியுது? தூணுதான் தெரியும்!"

"தூணு நல்லாருக்குது மாமா"ன்னா தாரணி.

புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன். பக்கத்துல உக்காந்து, தலையில கை வெச்சுக் காய்ச்சல் இருக்குதான்னு பாத்தேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா. "மாமா, கல்யாணமாயி இன்னிக்குத்தான் மாமா நாங்க ரெண்டு பேரும் பேசறோம். அவருக்கு என்ன சாப்பாடு புடிக்கும்னுகூட இப்பத்தான் கேட்டேன்."

"கோழிக்கறிதான், வேறென்ன, எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேனே"ன்னேன்.

"இல்லீங்க மாமா"ன்னாரு மாப்பிள்ளை. "எனக்குக் கோழி புடிக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அத்தனை விருந்து தின்ன மனுசன்! அப்பறம் மாப்பிள்ளை எந்திரிச்சு நின்னு, கையெடுத்துக் கும்பிட்டு, "மாமா, உங்க காலுல வேணும்னாலும் உழுகறேன்"னாரு. நான்தான் சொன்னேனே, மரியாதை தெரிஞ்ச பையன்னு. "எதுக்குங்க மாப்பிள்ளை காலுலயெல்லாம், நல்லா இருங்க"ன்னு ரெண்டு பேரு தலையிலயும் கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டு, வேன்ல மத்தவங்க அழுதுட்டிருப்பாங்களேன்னு வந்துட்டேன்.

அதோட முடியலீங்க. மாப்பிள்ளை ஒரிசாவுக்கு ரயிலேர்ற வரைக்கும் தெனமும் ரெண்டு பேரும் ராஜகாளிதான். அதே படம். அதே தூணு. எங்க கதை ஊரெல்லாம் பரவிருச்சு. "நாச்சிமுத்து மருமவளே ராஜகாளிக்குத்தான் போறாளாம், அப்ப அதுதான் நல்ல தியேட்டரு போல"ன்னு நாலு பேரு பேசறாங்க. எம் பேரு என்னாகறது? புதுசாக் கல்யாணமானவங்க பூராம் இப்ப அங்கதான் போறாங்களாம். கடைக்கு வர்றவங்க மோட்டாரை எறக்கி வெச்சுட்டு, "ஏனுங்க, அந்தத் தூணுப் பக்கம் எடம் கெடைக்குமா?"ன்னு எங்கிட்டயே கேக்கறாங்க!

இதை உட்டா ஆகாது, அந்தத் தியேட்டர்ல அப்படி என்னதான் இருக்குதுன்னு பாத்துரோணும்னு ஒரு நாளு பகல் ஆட்டத்துக்குக் கெளம்புனேன். ஜெயமணி "நானும் வர்றேன்"னா. "அங்க ஃபேனே ஓடாது, வேக்கும்"னு சொல்லிப் பாத்தேன். கேக்கலை. கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையக் கட்டிட்டு, தலை நெறையா மல்லிகைப்பூ வெச்சுட்டு வந்து ஸ்கூட்டர்ல உக்காந்துட்டா. ராஜகாளிக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்த மொத ஆளு அவளாத்தானிருக்கும்.

உள்ள போனதும் நான் வழக்கம்போல நட்டநடுவுக்கு நடந்தேன். அவ கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி தூணுக்குப் பின்னாடி உக்கார வெச்சுட்டா. "இங்க ஒண்ணும் தெரியாது ஜெயமணி"ன்னேன். "தெரிஞ்சது போதும், உக்காருங்க மாமா"ன்னா. சரி, வந்ததுக்கு ஸ்பீக்கரையாச்சும் பாப்பம்னு அண்ணாந்து காதைக் குடுத்துட்டிருந்தேன். எம் மடியில இருந்த கை மேல என்னமோ பட்டுச்சு. பாத்தா அவ கை. பயப்படற படமாயிருந்தாச் சரி. அதுல பேய் இல்லை, பாம்பு இல்லை, ஒண்ணுமில்லை. "என்னாச்சு?"ன்னேன். "ஒண்ணுமில்லை"ன்னா. கையை எடுக்கலை.

அப்பறம் அவ பேச ஆரம்பிச்சாளுங்க. நான் உசுரா நெனச்சிருக்கற ஹீரோவை அவளுக்குப் புடிக்கவே புடிக்காதாம்! இத்தனை வருசமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனியா உக்காந்திருக்கறப்ப பாதிப் படம் தூங்கிருவாளாம். எழுப்பறதுக்குப் பக்கத்து சீட்டுக்காரங்ககிட்டச் சொல்லி வெச்சுட்டுத் தூங்குவாளாம். எங்க கல்யாணத்தன்னிக்கு நான் மணவறையில உக்காந்துட்டு மேளக்காரர்கிட்ட மைக்கு சரியில்லைன்னு சொல்லிட்டிருந்தேனாம், அதைப் பாத்துச் சிரிப்பை அடக்க முடியாம தலையக் குனிஞ்சவளை, ஊரே வெக்கப்படறான்னு சொல்லுச்சாம். இன்னும் என்னென்னமோ. கேட்டுட்டே இருந்தேன். நானும் ஏதோ சொன்னேன், அவ சிரிச்சா. லைட்டு போட்டப்பறம்தான் படம் முடிஞ்சதே தெரிஞ்சுது. என்ன கதைன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாதுங்க.

இப்ப வாராவாரம் போயிர்றோம். அவ கூப்படறாளேன்னு போறதுதான். அதுக்காக அது நல்ல தியேட்டருன்னு நான் ஒத்துக்க மாட்டேன். அதுல சத்தம் எவ்வளவு மோசம்னா, பக்கத்துல இருக்கறவங்க ரகசியமாப் பேசுனாக்கூட ஒண்ணு விடாமக் கேக்குது.

போன வாரம் வெளிய வர்றப்ப ராஜகாளி மேனேஜரு ஓடி வந்து என்னைப் புடிச்சுக்கிட்டாரு. "அண்ணா, உங்களுக்குத் தெரியாததில்லை. ஆம்ப்ளிஃபையர்ல என்னமோ போயிருச்சு, ஸ்பீக்கரு பேசவே மாட்டேங்குது. ஒரு கை பாத்துச் சத்தத்தைக் கூட்டிக் குடுங்க, கூட்டம் வேற வர ஆரம்பிச்சிருச்சு"ன்னாரு. நானும் ஏறிப் பாத்தேன். சின்ன வேலைதானுங்க. ஒரே ஒரு சாமானம் மாத்துனாப் போதும், ஹாலே அதிரும். கீழ எறங்கி வந்தேன். ஜெயமணி வாசப்படிக்கிட்டப் பூவைச் சரி பண்ணிட்டு எனக்காக நிக்கறா.

"பழைய செட்டுங்க, இதுக்கு ஸ்பேர் எங்க தேடுனாலும் இனிக் கெடைக்காது. அப்படியே கெடக்கட்டும் உடுங்க"ன்னு அவருகிட்டச் சொல்லிட்டேன்.

எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே வெளங்கலீங்க. ஸ்பேர் எங்கடையில டப்பா நெறையாக் கெடக்குது.